நதாவின் பழைய இரத்தம்

மஃரிப் தொழுது பாயைச் சுருட்டும்போதுதான் பாயிஸாவுக்கு அந்த முனகல் கேட்டது. மகள் நதாவின் அறையிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மட்டும் விடுகிற முனகல். வெளிநாட்டில் சிகிச்சை முடிந்து வந்தபின் இந்த வீட்டில் அது கேட்டதேயில்லை.

முன்பெல்லாம் கடுகண்ணாவையில் மழை பிடித்து, கணவாய்ப் பக்கமிருந்து மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டால், நதாவின் எலும்புகளுக்குள் வலி புகுந்துவிடும். இரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து குழாய்களை அடைக்கும் பிறவி நோய். பரிசோதனையில் இருந்த மரபணுச் சிகிச்சைக்குச் சம்மதித்தவள் பாயிஸாதான். எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்துத் திருத்துவோம், உடம்பில் மிச்சமுள்ள பழையதை மருந்தால் கொன்றுவிடுவோம், திருத்தியதைத் திரும்ப ஏற்றுவோம் என்றார்கள். கொன்றுவிடுவோம் என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்ட அவள் பேனா நின்றது. ஆனாலும் பிள்ளை பிழைத்தாளே.

இப்போது வலி திரும்பிவிட்டதா? கண்டிக்கு வகுப்புக்குப் போனவள் எப்போது வந்தாள் என்று யோசிக்கும் முன்பே கால்கள் அடுப்படிக்குப் போய்விட்டன. உப்பை வறுத்துத் துணியில் முடிந்தாள். வலி வந்தால் விளக்குப் போடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. வெளிச்சமும் சத்தமும் நதாவுக்கு ஆகாது. அது இந்த வீட்டுச் சட்டம். ஆகவே இருட்டிலேயே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக முழங்காலைத் தேடிப் பிடித்து ஒத்தடம் கொடுத்தாள்.

மருந்து வாடை அடித்தது. சிகிச்சை நாட்களில் நதாவின் தோலில் வீசிய அதே வாடை. கால் மெலிந்திருந்தது. பாயிஸா தலையைத் தடவினாள்.

முடி இல்லை.

நதாவுக்குத்தான் தோள்வரை வளர்ந்துவிட்டதே.

குளிர்ந்த கையொன்று அவள் விரல்களைப் பற்றியது. "உம்மா," என்றது நதாவின் குரல், கட்டிலிலிருந்து. "என்னய அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

வாசற்கதவு திறந்தது. நனைந்த பையோடு நதா வந்து அறைவாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபக்கமாக வந்து உட்கார்ந்து தலையணையை எடுத்தாள்.

"கைய விடுங்க உம்மா. இத அங்கேயே முடிச்சிட்டதா தானே சென்னாங்க."

கட்டிலில் கிடப்பதும் பாயிஸா பெற்றதுதான். ஆனால் இவள் மறுபடி நோயில் விழக்கூடாது. அது மட்டும் கூடாது.

தலையணை இறங்கியது. போர்வைக்குள் கால்கள் உதைத்தன.

பாயிஸா அந்த முழங்காலை அமுக்கிப் பிடித்தாள்.

"பெரிய மழ உம்மா," என்றாள் நதா, இரண்டு கைகளாலும் அழுத்தியபடி. "பஸ்ஸே கெடைக்கல்ல."

பாயிஸாவின் விரல்களைப் பற்றிய கை இன்னும் இறுகியது.