புள்ளிக்குப் பின்னால்

சுட்டு முடித்த பிறகுதான் குன்வோர் அதைக் கவனித்தாள். புள்ளி பெரிதாக இருந்தது.

துப்பாக்கியின் மேல் பொருத்திய குட்டிக் கண்ணாடிக்குள் குண்டூசித் தலை அளவுக்கு இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளி, நசுங்கிய காட்டுப்பழம் போல ஓரமெல்லாம் வழிந்து, எதிரே இருந்த மரங்களை மறைத்துக்கொண்டு எரிந்தது. மத்தியானம் வெட்டவெளியில் உறைபனி மேல் வெயில் பட்டுக் கண் கூசியபோது, புள்ளி சரியாகத் தெரியவில்லை என்று அவள்தான் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டினாள். அப்புறம் மேகம் வந்து மூடியது. நவம்பரில் இந்தப் பக்கம் சாயங்காலம் என்று ஒன்று தனியாகக் கிடையாது, மத்தியானம் முடிந்ததும் பகல் கடையைக் கட்டிவிடும். இருட்ட இருட்டப் புள்ளியையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வீங்கிப்போய், எதைக் குறி பார்க்கிறோமோ அதையே விழுங்கிவிடும். இந்தக் கண்ணாடி வைத்திருக்கும் யாரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் இது. கால் விறைத்துப்போன எரிச்சலில் அவள் மறந்துவிட்டாள்.

அதை வாங்கிக் கொடுத்தது அவள் கணவன் ஹில்டிங். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு. "கெழவி, உருப்பெருக்கிக் காட்டுற கண்ணாடியெல்லாம் இனிமே உன் கண்ணுக்கு ஆகாது. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கோ, புள்ளிய மூஸ் மேல வை, அழுத்து. அவ்வளவுதான்" என்றான். புள்ளி மூஸ் மானின் மேல் விழுவதில்லை. அது கண்ணாடியிலேயே இருக்கும், சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அவளும் அதைத்தான் செய்தாள். ஊசியிலை பிர் மரங்களுக்கு நடுவே ஒரு கிளை முறிந்தது, உயரமாகக் கருப்பாக ஏதோ ஒன்று அசைந்தது, புள்ளியை அதன் மேல் வைத்தாள், அழுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. நெஞ்சில் அடிபட்ட மூஸ் அப்படி முனகும், அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அதற்குப் பின் சருகு மிதிபடும் சத்தம், விலகிப் போகும் சத்தம், அப்புறம் அவள் உட்கார்ந்திருந்த பரணின் மரச்சட்டங்கள் குளிரில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும்.

ரேடியோவின் செவிப்பொத்தான் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிரில் காது வலிக்கிறது என்று கொஞ்ச நேரம் முன்னால் கழற்றிவிட்டிருந்தாள். இப்போது எடுத்துக் காதில் வைத்ததும் ஸ்டூரேயின் குரல் பாய்ந்து வந்தது. வேட்டைக் குழுவுக்குத் தலைவன் அவன்தான்.

"யாரு சுட்டது? வேட்ட முடிஞ்சிதுன்னு அப்பவே சொன்னேன்ல? எல்லாரும் தோட்டாவ எடுத்துட்டு இறங்கிட்டீங்கன்னு நெனச்சேன். யாருப்பா அது?"

வேட்டை முடிந்தது என்று ஸ்டூரே சொன்னால் ஏழாம் பரணிலிருந்து ஹில்டிங் இறங்குவான். மேட்டைத் தாண்டி, அவனே கட்டி வைத்த ரிப்பன்களைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, ஆறாம் பரணுக்கு வந்து, "எறங்கு கெழவி, வீட்டுல சூப் ஆறுது" என்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து இதில் மாற்றமே இல்லை. அவன் வருவது அந்தப் பிர் மரங்கள் வழியாகத்தான்.

ஹில்டிங் தலையில் ஆரஞ்சுத் தொப்பி இருக்குமே, தெரிந்திருக்குமே என்று நினைத்தாள். சிவப்புக்குப் பின்னால் ஆரஞ்சு எங்கே தெரியும்?

"நான்தான். ஆறு" என்றாள். "மூஸ்தான். உள்ள போயிடுச்சு."

"பாத்தியா நல்லா?"

"பாத்தேன்."

"சரி, எறங்காத. அடிபட்டத உடனே தொரத்தினா இன்னும் தூரம்தான் ஓடும். நான் மேட்டச் சுத்தி வண்டில வர்றேன். தனியா போகாத, கேட்டுச்சா? ஏழு? ஹில்டிங், நீ எங்க இருக்க?"

இரைச்சல் மட்டும்.

"ஏழு?"

குன்வோர் ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினாள். விரல் நழுவியது, மறுபடி அழுத்தினாள். "ஹில்டிங். பேசு. எதையாச்சும் பேசு."

இரைச்சல் நீண்டுகொண்டே போனது. அதற்குள்ளே யாரோ மூச்சை இழுப்பது போல இருந்தது. பிறகு அவன் குரல்.

"இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவள் பரண் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல், சத்தமாக. "பாவி மனுசா, பதில் சொல்ல இவ்ளோ நேரமா? இன்னும் எறங்கலையா நீ?"

"இன்னும் எறங்கல" என்றது குரல்.

"ஸ்டூரே, கேட்டியா? அவன் பரண்லதான் இருக்கான்."

"எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றான் ஸ்டூரே. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மேடுதான், எனக்கு மலையே குறுக்க நிக்குது. சரி, அவன அங்கேயே இருக்கச் சொல்லு."

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். நிம்மதி கொஞ்ச நேரம் தாங்கியது, ஒரு காப்பி குடிக்கும் நேரம் கூட இல்லை. மூஸைத்தான் சுட்டோம் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் போல் ஆகிவிட்டது. இறங்கி, மரம் ஏற்றும் பாதையில் நின்ற காருக்கு ஓடி, பின்கூண்டைத் திறந்து தஸ்ஸாவை நீளக் கயிற்றில் கட்டினாள். தஸ்ஸா ரத்த வாடை பிடிக்கும் நாய், ஹில்டிங் கையால் வளர்ந்தது. நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டாள்.

பிர் மரங்களுக்கு அடியில் நனைந்த பாசி நாற்றமும் இரும்பு நாற்றமும் கலந்து அடித்தது. தஸ்ஸா உடனே மூக்கைத் தரையில் வைத்தது. ரத்தம் பளிச்சென்று இருந்தது, நுரையோடு. நுரையீரல் ரத்தம். நல்ல இடத்தில்தான் பட்டிருக்கிறது என்று அவளுக்குள் இருந்த வேட்டைக்காரி சொன்னாள், அவளை அறைய வேண்டும் போலிருந்தது. குண்டு பட்ட இடத்தில் முடி உதிர்ந்திருக்கும். மண்டியிட்டுத் தேடினாள். சாம்பல் நிறத்தில் ஒன்று கிடைத்தது. விரலில் உருட்டிப் பார்த்தாள். முடி என்றால் முறுக்கியிருக்காது. இது நூல் போல முறுக்கியிருந்தது.

பழம் பொறுக்க வருகிறவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், முள்ளில் மாட்டும், நூல் பிரியும். ஆகஸ்டில் எத்தனை பேர் வந்தார்கள். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஹில்டிங்?"

"இங்கதான் உக்காந்திருக்கேன்."

"குளிருதா?"

"குளிருது."

"உன் குரல் ஒரு மாதிரி இருக்கு."

இரைச்சல்.

"ஏன் என்னக் கெழவின்னு கூப்பிடல? எப்பவும் கூப்பிடுவியே."

"கெழவி" என்றது குரல், கொஞ்சம் நிதானித்து, வாயில் போட்டுப் பார்ப்பது போல. "எப்பவும் கூப்பிடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். நாய் இழுத்தது, பின்னால் போனாள்.

அடிபட்ட மிருகம் தாழ்ந்த பக்கம்தான் போகும், தண்ணீரைத் தேடி, புதரைத் தேடி. இது மேட்டில் ஏறியது. கிளைகளில் ரத்தம் அவள் நெஞ்சு உயரத்துக்குப் பூசியிருந்தது. மூஸின் நெஞ்சும் ஆளின் நெஞ்சும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. விளக்கை உயர்த்தினாள். ரத்தத்துக்குப் பக்கத்தில் கிளையில் ஒரு ஆரஞ்சு ரிப்பன் தொங்கியது. அடுத்த ரத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

மூஸுக்கு ரிப்பன் எதற்கு?

"காலைல உன் பையில நான் என்ன வச்சேன்?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியது. "சொல்லு. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

இரைச்சல். நீளமான இரைச்சல்.

"நீயே சொல்லு, கெழவி."

"லவங்கப்பட்டை பன்னு. ரெண்டு. ஒன்ன எனக்கு மிச்சம் வைப்ப."

"லவங்கப்பட்டை பன்னு" என்றது. "ஒன்ன உனக்கு மிச்சம் வச்சிருக்கேன்."

அது அவன்தான். அவன் குரல், அவனுடைய அந்த அடைத்த மூக்கு. வேறு யாருக்கு இப்படிப் பேச வரும்? அந்த 'இங்கதான் உக்காந்திருக்கேன்' தவிர, தான் சொல்லாத எதையும் அது இதுவரை சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. தெரிந்ததைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தாள். வேண்டாம் என்று நினைத்தாள். வேறு எதுவாக இருந்தாலும் சரி, அது மட்டும் வேண்டாம். கடவுளை அவள் கோயிலுக்கு வெளியே கூப்பிட்டதில்லை, இப்போது கூப்பிட்டாள்.

ஏழாம் பரண் தெரிந்தது. நான்கு கால்கள், ஏணி, மேலே இருட்டு.

தஸ்ஸா நின்றது. ஊளையிடவில்லை. குட்டியாக இருந்தபோது கதவடியில் படுத்து முனகுமே, அந்தச் சத்தம். கயிறு தளர்ந்தது.

ஏணிக்குக் கீழே பாசியில் ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒரு கை ஏணியின் கடைசிப் படியைப் பிடித்திருந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவள் பின்னியது. முதுகில் ஓட்டை பெரிது. ஆரஞ்சுத் தொப்பி காதோடு இறங்கியிருந்தது.

தொப்பியை நகர்த்தினாள்.

முகம் ஹில்டிங்குடையது. கண் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

தோளைப் பிடித்து மெல்லப் புரட்டினாள், படியைப் பிடித்த கை விடவில்லை. அவன் ரேடியோ நெஞ்சுப் பையில் இருந்தது. குண்டு அதன் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. பிளாஸ்டிக் சில்லுகள், ஒரு கம்பி.

காதுக்குள் இரைச்சல் எழுந்தது.

"இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவள் மேலே பார்க்கவில்லை.

"நீ வந்துட்டியா, கெழவி?"

பரண் பலகை முனகியது. யாரோ எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது போல. தஸ்ஸாவின் முதுகு மயிர் சிலிர்த்தது. பிணத்தின் மேல் ஏறி நின்று, மேலே பார்த்துப் பல்லைக் காட்டியது.

"சும்மா இரு" என்றாள் நாயிடம்.

"எறங்கட்டுமா?"

அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஓடலாம். ஸ்டூரே பாதி வழி வந்திருப்பான். அவனிடம் சொல்லலாம், நான் என் புருஷனைச் சுட்டுவிட்டேன் என்று. அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒருமுறைகூட முழுதாக முடியவில்லை.

"குன்வோர்?" இது ஸ்டூரே. இரைச்சலோடு, தூரத்திலிருந்து. "ஹில்டிங் பேசுனானா?"

பூட்ஸ் ஒன்று மேல்படியில் பட்டது.

"பேசுனான்" என்றாள். "இங்கதான் இருக்கான். நீ வர வேணாம், ஸ்டூரே. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

"மூஸ் என்னாச்சு?"

அவள் செவிப்பொத்தானைக் கழற்றினாள்.

அடுத்த படி. அடுத்தது. குளிர்ந்த மரத்தில் மெதுவாக, ஏணி என்றால் என்ன என்று காலால் தடவித் தெரிந்துகொண்டு இறங்குவது போல. அவள் பரபரவென்று பிர் கிளைகளை ஒடித்தாள். கை கிழிந்தது. முகத்தின் மேல் ஒரு கிளை. நெஞ்சின் மேல் ஒன்று. படியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கிளைக்கு அடியில் தள்ளினாள். இறங்கி வருகிறவன் இதைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் போய்விடுவான்.

நெற்றி விளக்கை அணைத்தாள். தஸ்ஸாவின் கயிற்றை விட்டாள். அது ஓடவில்லை, கிளைகளுக்கு மேலேயே படுத்துக்கொண்டு உறுமியது.

"கெழவி." இப்போது தலைக்கு மேலே. மிக அருகில். "கையக் குடு."

இருட்டில் கையை நீட்டினாள்.

அவள் கையைப் பிடித்த கை கதகதப்பாக இருந்தது. கையுறை இல்லை. விரல்கள் அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, மோதிரத்தில் நின்றன. அதைச் சுற்றித் தடவின. திருகிப் பார்த்தன.

"இது என்ன?" என்று கேட்டது ஹில்டிங்கின் குரல்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீ போட்டுவிட்டது" என்றாள்.

"நான் போட்டுவிட்டது" என்றது, கடைசிப் படியிலிருந்து கிளைகளின் மேல் காலை வைத்து இறங்கியபடி.