துவர்க்காத பாவாடை

நவம்பர் பிறந்துவிட்டால் லியோன் நகரில் பிற்பகலிலேயே இருட்டு கட்டிக்கொள்ளும். ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தில் எதிரே வருபவர் முகம்கூடத் தெரியாது. சிதோனி நாடக அரங்கின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வழக்கம்போல் காஸ் வாடையும் பசை வாடையும் பெண்பிள்ளைகளின் வியர்வையும் கலந்து அடித்தன. அவள் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

பாலே ஆடும் பெண்களுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. அவள் மகள் ஒர்தான்ஸ் இதே மேடையில் ஆடியவள். போன வசந்தகாலத்தில் ஒரு மாலை, மேடையோரம் உட்காரப் போனவள் மஸ்லின் பாவாடை கசங்காமல் இருக்க அதைப் பின்னால் தூக்கி உதறினாள். பின்னால் காஸ் விளக்கு இருந்தது. அவ்வளவுதான்.

சிதோனி அழவில்லை. புதைத்த மறுநாளே வேலைக்கு வந்து நின்றாள். கல்நெஞ்சக்காரி என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கல்லாவது வெயிலில் சுடும், இவளுக்கு அதுவும் இல்லை. விரலில் ஊசி ஏறினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

எல்லாப் பாவாடைகளையும் படிகாரத் தண்ணீரில் முக்கித்தான் மேடைக்கு அனுப்பவேண்டும் என்பது பழைய உத்தரவு; அந்தச் சாவுக்குப் பிறகு அது கண்டிப்பானது. அப்படி முக்கியெடுத்த துணி சட்டென்று தீப்பற்றாது. ஆனால் மஞ்சளடித்து, விறைத்து, வேகவைத்த குடல் மாதிரி தொங்கும். ஆடுகிறவளுக்கு அது பிடிக்குமா? திருட்டுத்தனமாக அலசிவிடுவார்கள். அதனால் சிதோனி ஒவ்வொரு பாவாடையின் ஓரத்தையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். துவர்த்தால் சரி. பெண்களைவிட நாக்கை நம்பலாம்.

அன்று புது ஆட்டத்தின் முதல் நாள். ஒர்தான்ஸ் ஆடவேண்டிய வேஷத்தில் இர்மா என்கிற பெண் ஆடவிருந்தாள். சிதோனி அவளுடைய பாவாடையை நாக்கில் வைத்தாள்.

துவர்க்கவில்லை.

"இர்மா, இங்க வா. இத எப்பம்மா அலசினே?"

"நானா? நல்லா இருக்கே கதை! உங்க பொண்ணு கத்தினது இன்னும் என் காதுலேயே இருக்கு மதாம். பக்கத்துல நின்னவ நானு. நான் போய் இதை அலசுவேனா?"

"முந்தாநாளும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப முந்தாநாளும் நான் இல்ல." இர்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு. இன்னொரு தடவை முக்கிக் குடுங்க. குடல் மாதிரி தொங்கினாலும் பரவாயில்ல, உசுரோட வீட்டுக்குப் போனாப் போதும்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது சிதோனிக்குப் புரிந்தது. பாவாடையைத் தொட்டி அறைக்குக் கொண்டுபோய்ப் படிகாரத்தில் முக்கினாள். அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தாள். யார் வந்து அலசுகிறார்கள் என்று பார்த்துவிடுவதென்று எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அடுப்பு முனகியது. எங்கோ கீழே ஒருவன் பிடிலுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். துணி மெல்ல விறைத்துக் காய்ந்தது.

"அடியே சிதோனி! என்னடி பண்றே?"

உடை அறைக்குப் பொறுப்பான மரியெத் வாசலில் நின்றாள். எப்போதும் சிரித்துப் பேசுகிற பெரிய முகம் அன்று வெளிறிக் கிடந்தது.

சிதோனி முக்காலியில் இல்லை.

நல்ல தண்ணீர்த் தொட்டிமுன் நின்றுகொண்டிருந்தாள்.

முழங்கைவரை கை தண்ணீருக்குள் இருந்தது. கைகளுக்கு நடுவே இர்மாவின் பாவாடை மிதந்தது.

"பாட்டு வேற பாடிக்கிட்டு அலசுறே," என்றாள் மரியெத், குரலை அடக்கி. "ஒர்தான்ஸ் முணுமுணுப்பாளே, அதே பாட்டு."

சிதோனி தன் கைகளையே பார்த்தாள். பனிக்காலத்துத் தண்ணீர் விரல்களை நீலமாக்கியிருந்தது. குளிர் தெரியவில்லை. அலச ஆரம்பித்ததும் நினைவில்லை. மகள் கெஞ்சுவது மட்டும் நினைவு வந்தது. அம்மா, இது விறைப்பா இருக்கும்மா, அலசிக் குடும்மா என்று தினம் நச்சரிப்பாள். மாட்டவே மாட்டேன் என்று சொன்ன கை இது. அதனால்தான் அவள் தானே அலசிக்கொண்டாள்.

"இன்னும் தன்னோட ஆட்டம்னே நெனச்சிட்டிருக்கா," என்றாள் சிதோனி. "என் கையை வச்சு அலசிக்கிறா."

"வாயை மூடு."

"மரியெத், நீ முக்கு. நீயே காயவை, நீயே உடுத்திவிடு. என்னைக் கயிறு போட்டு..."

மரியெத் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். அரங்குக்குள் அந்தச் சாமானின் பெயரைச் சொல்லக்கூடாது. திரை இழுக்க மேலே அது நூறு தொங்கினாலும் ஒருவரும் பெயர் சொல்லமாட்டார்கள். சொன்ன இடத்தில் சாவு விழும் என்பது இவர்களுடைய பயம்.

"பைத்தியக்காரி, முதல் நாளும் அதுவுமா!" பீடை போகட்டும் என்று மரியெத் மூன்று முறை மரத்தைத் தட்டினாள். பிறகு காலணிக்குத் தைக்கும் பட்டு நாடாவை எடுத்துவந்து, சிதோனியின் கைகளை நாற்காலிக்குப் பின்னால் வைத்துக் கட்டினாள். கட்டும்போது அழுதாள். சிதோனி அழவில்லை.

பாவாடை மறுபடி முக்கப்பட்டது, மறுபடி காய்ந்தது. மரியெத் அதை நாக்கில் வைத்து முகம் சுளித்தாள். "வாயே இழுத்துக்கிச்சு. போதுமா?" இர்மாவுக்குத் தன் கையாலேயே உடுத்தி, மேடைவரை கூட்டிப்போனாள்.

உடை அறையில் சிதோனி மட்டும் இருந்தாள். வாத்தியங்கள் தொடங்கின.

அப்போது தொட்டி அறையில் தண்ணீர் அலம்பியது.

சளப். நிறுத்தி, மறுபடி சளப்.

நிதானமாக, பழகிய கை அலசுவதுபோல.

சிதோனியின் கைகள் கட்டிக்கிடந்தன. பாவாடை மேடையில் இர்மாவின் இடுப்பில் இருந்தது. அப்படியானால் அங்கே எதை அலசுகிறார்கள்?

கூப்பிட்டாள். வாத்திய இரைச்சலில் அவள் குரல் எடுபடவில்லை. ஆட்டம் முடியும்வரை அந்தச் சத்தமும் நிற்கவில்லை.

முதல் பாகம் முடிந்து கைதட்டல் இடிந்தது. இர்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள், கன்னமெல்லாம் சிவந்து. "மதாம், பாத்தீங்களா? பாவாடை எவ்ளோ லேசா இருக்கு! ஆட ஆட இன்னும் லேசாச்சு. கால் தரையிலேயே படல!"

"கிட்ட வா," என்றாள் சிதோனி.

குனிந்து ஓரத்தை நாக்கில் வைத்தாள். வெறும் ஆற்றுத் தண்ணீர் ருசி.

இரண்டாம் பாகத்துக்கு மணி அடித்தது. இர்மா திரும்பினாள். இரண்டாம் பாகத்தில் அவள் மேடை முன்விளிம்பில் எரியும் காஸ் விளக்குவரிசையை ஒட்டி மண்டியிடவேண்டும்.

சிதோனி மஸ்லினைப் பல்லால் கவ்வினாள்.

"ஐயோ, விடுங்க மதாம்! மரியெத் அக்கா, இவங்களைப் பாருங்க!"

விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, நாய் கிழிப்பதுபோல் கிழித்தாள். ஓரம், மடிப்பு, இடுப்புப் பட்டைவரை. இர்மா ஓவென்று அழுதாள். மரியெத் ஒத்திகைக்கு வைத்திருந்த மஞ்சள் பாவாடையை எடுத்துவந்து, நாக்கில் வைத்துத் துவர்ப்பு பார்த்து, அவசரமாக மாட்டினாள். இர்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடினாள். அசிங்கமாகத்தான் தொங்கியது. அன்று விளக்குவரிசையில் எதுவும் பற்றவில்லை. மரியெத் ஓரத்தில் நின்று கடைசிவரை பார்த்தாள்.

தொட்டி அறையில் சத்தம் நின்றிருந்தது.

ஈரக்கால் ஒன்று தரையில் பதிந்தது; தயங்கி, அடுத்தது பதிந்தது. கருகிய முடியின் நாற்றம் சிதோனியின் மூக்கில் ஏறியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வாடை தெரிந்தது.

"ஒர்தான்ஸ்," என்றாள் மெல்ல. "இன்னிக்கு உனக்கு ஆட்டம் இல்லடி கண்ணு. இனிமே எப்பவுமே இல்ல. யாரும் உனக்குச் சொல்லல. நானும் சொல்லல. இங்க வா."

காலடி அருகில் வந்து நின்றது.

மடியில் கனம் ஏறியது. எலும்பும் குளிருமான கனம். தோளில் ஈரமாக ஏதோ சாய்ந்தது.

அப்போதுதான் சிதோனிக்கு எல்லாம் வலித்தது. விரல், மணிக்கட்டு, நெஞ்சு. வாய்விட்டு அழுதாள். அணைத்துக்கொள்ளக் கையில்லாமல் நாற்காலியே ஆடும்படி அழுதாள்.

ஆட்டம் முடிந்து மரியெத் கத்தரிக்கோலோடு வந்தாள். "கும்பிடு போட்டு முடிச்சாச்சு, பொண்ணு பத்திரம். இரு, அவுத்து விடறேன்." பேசிக்கொண்டே வந்தவள் பாதி அறையில் நின்றுவிட்டாள். சிதோனியின் மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பாவாடை இரு தொடையிலும் அழுந்திக் கிடந்தது. அழுந்திய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

சிதோனி நிமிராமல் சொன்னாள்:

"கையை மட்டும் சீக்கிரம் அவுத்துடு மரியெத். சத்தம் போடாதே, இப்பதான் கண்ணசந்தா."