வண்டிப் புத்தகத்தில் என் பெயர்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்த வண்டி எங்கள் கடை வாசலில் வந்து இறங்கியது. யாரும் அதை ஓட்டிக்கொண்டு வரவில்லை. குட்டி லாரியில் கட்டிக் கொண்டுவந்து, பலகையைச் சாய்த்து, மூன்று ஆண்கள் மூச்சு வாங்க இறக்கினார்கள். முழுக் கறுப்பு. ஆயிரம் சிசி பைக். அது வந்து நின்றதும் தெருவில் இருந்த மற்ற வண்டிகளெல்லாம் சைக்கிள்போல் இளைத்துவிட்டன.

"இது வண்டியாடா, எருமையாடா?" என்றாள் அம்மா.

"எருமை முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போகுமாம்மா?"

"எங்க போறதுக்கு? தெருவைத் தாண்டறதுக்குள்ள ரெண்டு சிக்னல்ல நிக்கணும் உனக்கு."

அண்ணன் சிரித்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "நாள் பூரா மேலயும் கீழயுமா போயிட்டு வரேன். ஒரு நாளாவது முன்னாடி போக வேண்டாமா?"

வண்டியை விற்கிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று சொல்லச் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய வண்டியை யாராவது இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா என்று அம்மா கேட்டாள். நல்ல மனுஷன் என்றான் அண்ணன்.

கீழே கடை, மேலே வீடு. கடை என்றால் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை. அப்பா போனபின் பத்தாம் வகுப்போடு நின்று அவருடைய தையல் மெஷினில் நான் உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் அம்மா பேசுவாள். நான் திரைக்குப் பின்னால் தைப்பேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. ஆனால் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தால் அதில் உட்கார்ந்தவர் குண்டா ஒல்லியா, எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்று சொல்லிவிடுவேன். ஸ்பாஞ்சு எதையும் மறக்காது.

அன்று சாயங்காலம் அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் வண்டியின் பின் சீட் இருந்தது.

"இதுக்குப் புதுசா ஒரு கவர் போட்டுடு. அப்புறம், நீ பார்த்துச் சொல்லு. வாங்கலாமா, வேண்டாமா?"

"நானா?"

"உன்னைத்தான் கேக்கறேன். நீ சரின்னு சொன்னாதான் வாங்குவேன்."

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சோறு வேண்டுமா என்று மட்டும் கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரித்தது தெரியாமல் இருக்க.

பின் சீட்டைத் திருப்பி, கவரைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் ஊசிகளைப் பிடுங்கினேன். அடியில் பிளாஸ்டிக் பலகை. கவரை இழுத்து அதில்தான் ஊசி அடிப்பார்கள். பழைய துளைகள் நான்கு வரிசை இருந்தன. நான்கு முறை கவர் மாற்றியிருக்கிறார்கள். மூன்று வருஷ வண்டிக்கு இது அதிகம்.

ஸ்பாஞ்சில் ஒரு பள்ளம் இருந்தது. சிறியது. ஒடிசலான ஆள், முன்னால் நெருங்கி உட்கார்ந்த பள்ளம். கட்டை விரலால் பக்கத்தில் அழுத்தினேன், உடனே எழும்பியது. நல்ல ஸ்பாஞ்சுதான். பள்ளம் மட்டும் எழும்பவில்லை.

கையை அதில் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மூலையிலிருந்து புது ஸ்பாஞ்சு எடுத்து வெட்டிப் பொருத்தி, கவர் போட்டு, ராத்திரி அலமாரிமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் புது ஸ்பாஞ்சில் அதே இடத்தில் அதே பள்ளம். மழையில் நனைந்த தலைமுடி வாசனை லேசாக அடித்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அவன் அந்தப் பள்ளத்தைத் தேவைக்கு அதிகமாக நேரம் பார்த்தான். பிறகு, "ஸ்பாஞ்சு மட்டமா இருக்கும்," என்றான்.

என் கடையில் மட்டமான ஸ்பாஞ்சு கிடையாது. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, "வாங்கிக்கோண்ணா," என்றேன்.

"அப்ப உன் பேர்லயே வாங்கிடலாம்."

"எனக்கு ஓட்டவே தெரியாதே!"

"என் லைசென்ஸ்ல ஏற்கெனவே ரெண்டு கேஸ் இருக்கு. அதனாலதான். நீ முதலாளி, நான் டிரைவர். போதுமா?"

அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல் வைத்துக் காட்டிய இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. பத்து நாள் கழித்து வண்டிப் புத்தகம் வந்தது. அதில் உரிமையாளர் என்று என் பெயர் அச்சில் இருந்தது. என் பெயரை அச்சில் நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அன்று மதியம் மூன்று மணி. நல்ல வெயில். அம்மா முன்னால் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நான் நீளப் பலகையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

பலகை லேசாகத் தாழ்ந்தது.

யாரோ எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததுபோல்.

திரும்ப நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. ஈரத் தலைமுடியின் வாசனை தோளுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு இரண்டு கைகள் இரண்டு பக்கமும் வந்து என் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. குளிர்ந்த கைகள். குனிந்து பார்த்தேன். கைகள் இல்லை. என் சட்டைத் துணி மட்டும் விரல் விரலாக உள்ளே அமுங்கியிருந்தது.

பிடி இறுகியது.

இன்னும் இறுகியது.

மூச்சு சரியாக விட முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. முழுதாக விட்ட நேரத்தில், வாசலில் வண்டி வந்து நின்றது.

"சூப்பரா போகுதும்மா!" என்று அண்ணன் சொல்வது கேட்டது. "பைபாஸ்ல இன்னிக்கு இருநூறு தொட்டேன்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அவன் வண்டியை எடுத்தால் கைகள் வரும். வேகம் கூட்டினால் இறுகும். வளைவில் திரும்பினால், உட்கார்ந்த இடத்தில் என் உடம்பு சாயும்.

ஐந்தாம் நாள் வண்டிப் புத்தகத்தோடு இருந்த காகிதங்களில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தேன். முன்பின் தெரியாதவருக்கு நான் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"வண்டி வாங்கினவரோட தங்கச்சி பேசறேன்."

அவர் முதலில் கேட்டது இதுதான்: "புக் யார் பேருக்கு மாத்தினீங்க?"

"என் பேருக்கு."

"ஐயோ," என்றார். "உனக்கு என்ன வயசும்மா?"

"பத்தொன்பது."

"நான் உங்க அண்ணன்கிட்ட எதையும் மறைக்கலைம்மா. ஒண்ணு விடாம சொன்னேன். முதல்ல வாங்கினவன் ஒரு பொண்ணைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போனான். மழையில ஏதோ ஆகி வண்டி கைமீறினதும் அவன் மட்டும் குதிச்சிட்டான். அவ வண்டியோட போயிட்டா. அதுலேருந்து, புக்ல யார் பேரு இருக்கோ அவங்களைப் பிடிச்சுக்கறா. ஓட்டறவங்களைத் தொடறதில்லை. ஏன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது."

"உங்க பேர்ல இருந்தப்ப..."

"என் மனைவி பேர்ல இருந்தது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "தெரியாமத்தான் எழுதினேன். தெரிஞ்சப்புறம் வாங்க ஆள் கிடைக்கலை. உங்க அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வீட்டு ஆளுங்க யார் பேர்ல வேணாலும் மாத்தலாமான்னு."

போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். அணைத்திருந்தார்.

அண்ணன் வந்ததும் கேட்டேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"யார் சொன்னா?"

என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மூச்சு முட்டுதுண்ணா."

"சும்மா பிடிச்சுக்கும், அவ்வளவுதான். உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்த ஆளே சொன்னாரு."

"அப்ப உன் பேர்லயே வச்சிருக்க வேண்டியதுதானே?"

"லூசு மாதிரி பேசாதே. ஓட்டறப்ப பிடி இறுகினா நான் வண்டியோட விழுந்து சாகணும். நீ உக்காந்த இடத்துலதானே இருக்கே? எங்க போகப்போறே நீ?"

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கை விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

அம்மா ஒரு ரெக்சின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

"அவன் வெளியில அலையறவன்டி," என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று என்னிடமிருந்து எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "வண்டி என் பேர்ல இருக்கு. நான் விக்கப்போறேன்." கடைக்கு முன்னால் நின்றிருந்த வாடிக்கையாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பிறகு அவன் கண் கலங்கியது. "சரி. வித்துடறேன். தப்பு என் மேலதான். என்கிட்ட விட்டுடு."

மூன்றாம் நாள் வேலை முடிந்து, சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். "வித்தாச்சு. பேரும் மாத்தக் குடுத்தாச்சு. அன்னிக்கு ரெண்டு இடத்துல கையெழுத்துப் போட்டியே, ரெண்டாவது விக்கறதுக்குத்தான்." என் தலையைத் தடவினான். நான் அழுதேன். அவனை நம்பினேன்.

இரண்டு நாள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கைகள் வந்தன. அதன்பின் தினமும் ஆறு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க. ஆபீசில் பேர் மாறத் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அவளுக்கு என்னை விட்டுப் போக மனமில்லை என்று நினைத்தேன். அண்ணனைச் சந்தேகப்படுவதைவிட அவளைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. அவனிடம் இதைச் சொல்லவும் இல்லை. பாவம், எனக்காக ஆசைப்பட்ட வண்டியையே விற்றவன்.

போன வாரம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் எனக்கு எதிரே இருந்தான். ஏதோ லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

ஈர வாசனை வந்தது.

கைகள் சுற்றின. இதுவரை இல்லாத இறுக்கம். என் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவி உருண்டது.

"என்னடி?" என்றாள் அம்மா.

அண்ணன் என் இடுப்பைப் பார்த்தான். துணி விரல் விரலாக அமுங்குவதை அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தான்.

"வாங்கினவரு ரொம்ப வேகமா ஓட்டறாருண்ணா," என்றேன், மூச்சு வந்தவரை.

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. கை தானாக அவன் சட்டைப் பைக்குப் போனது.

"எப்படி ஓடும்? சாவி என்கிட்டதானே இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அம்மா தன் தட்டையே பார்த்தாள். அவளுக்கு இதுவும் தெரிந்திருந்தது.

அவன் எழுந்து ஓடினான். எங்கே என்று நான் கேட்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. அவள் அதை என் காதில் வைத்தாள்.

"வண்டியை ஒளிச்சு வச்சிருந்த ஷெட்டு பூட்டினபடிதான் இருந்துச்சு, திறந்து உள்ள வந்துட்டேன்," என்றான் அண்ணன். இரைத்தது. "வண்டி எதிர்லதான் நிக்குது. கையை வச்சுப் பார்த்துட்டேன், எஞ்சின் சில்லுன்னு இருக்கு. சத்தியமா சொல்றேன், அது அசையவே இல்லை."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

நீண்ட வளைவு.

பின்னாலிருந்து ஒரு தலை என் முதுகில் சாய்ந்துகொண்டது.