நிலாவின் கடைசி ஏழை

தவசிமுத்துவுக்கு வேலை கிடைத்ததற்கு நான்தான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை.

அன்று வழக்கம்போல என் மாணவர்கள் முதுகில் காற்றுக்குடுவையோடு மூன்றாம் நிலவறையில் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். வறுமைப் பாடத்துக்கான களப்பணி. நிலாக் குடியிருப்பில் வேலையில்லாதவர் வீட்டுக்கு அரைக்காற்றுதான் வரும். விருந்தாளிகள் தங்கள் மூச்சைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். உள்ளே நான் அவரிடம் ஐம்பதாவது கேள்வியைத் தாண்டியிருந்தபோது வேலைப்பொருத்தி உருண்டு வந்தது. ஆண்டுக்கொரு முறை வந்து, "வேலை வேண்டுமா?" என்று கேட்கும் இயந்திரம். பதில் வரும்வரை விடாது. காலையிலிருந்து பேசித் தொண்டை வறண்டிருந்த நான், அது தொலைந்தால் போதுமென்று, "சரி, குடுத்துட்டுப் போயேன்" என்றேன்.

இயந்திரத்துக்குச் சலிப்பும் புரியாது, பதில் யார் குரல் என்பதும் தெரியாது. தவசிமுத்துவைக் காற்று வாரியத்தின் புகார் மேசையில் அமர்த்திவிட்டுப் போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் அவரே மறுத்தாலொழிய வேலை உறுதி.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். அவர்தான் நிலாவின் கடைசி ஏழை. எங்கள் பல்கலைக்கழகத்தின் சமூகக் கொள்கைத் துறை நிற்பதே அவர் தலையில்தான். ஆண்டுதோறும் அவர் வேலையை வேண்டாமென்பார். ஏன் வேண்டாமென்கிறார் என்று ஆராய்ந்தே பலர் முனைவர்களானோம். ஒருவர் மனச்சோர்வு என்றார், இன்னொருவர் பரம்பரைக் குணம் என்றார். நான் ஈர்ப்புவிசைக் குறைவைக் காரணம் காட்டினேன். அதற்குத் தங்கப் பதக்கம் வேறு. அவரைக் கேட்டால் மட்டும், "பாக்கலாம் சார்" என்பார். அரைக்காற்று ஒரு மனிதனுக்குப் போதுமா என்று ஆராய நாங்கள் அமைத்த குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

துறைத்தலைவர் மரகதவல்லி என்னைக் கூப்பிட்டார்.

"ஏழையே இல்லாம எதை வச்சுப் பாடம் நடத்துறது, நாயகம்? நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவுத்துட்டு வாங்க."

"வேலை வேண்டாம்னு சொல்லச் சொல்லணுமா மேடம்?"

"அப்படிப் பச்சையா சொல்லாதீங்க. கொள்கை ரீதியா எடுத்துச் சொல்லுங்க."

போனேன். தவசிமுத்து வாரியத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கழுத்துப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். நானே மாட்டிவிட்டேன். கொள்கை ரீதியாக வாயைத் திறந்தேன்; வந்தது வேறு கேள்வி.

"தவசி, ஆய்வுக்கு இல்ல, எனக்காகச் சொல்லுங்க. இத்தனை வருஷமா ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மொத வருஷமே சரின்னு சொல்லத்தான் சார் வாயெடுத்தேன். நீங்க அப்பதான் புதுசா வேலைல சேந்திருந்தீங்க. கல்யாணம் வேற நிச்சயமாயிருந்துச்சு. நான் வேலைக்குப் போயிட்டா உங்க துறைய மூடிருவாங்கல்ல? எல்லாரும் பிள்ளகுட்டிக்காரங்க. அரைக்காத்துல என்ன பண்ணுவீங்க? உங்களுக்கெல்லாம் பழக்கமில்ல. அதான்."

"இப்ப?"

"இப்ப முடியல சார். மூச்சு வாங்குது."