அரைநாள் நிழலி

சந்திரனின் மூன்றாம் குடியிருப்பில் குழந்தைகளுக்கு மதியத்துக்கு மேல்தான் எடை ஏற்றுவார்கள். காலை நேரம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்கள் எடைக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் தாய்மார் பச்சைப் பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். கதவு மூடும். கூடம் ராட்டினம் போலச் சுழலத் தொடங்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சுழல்வது தெரியாது, கனப்பது மட்டும் தெரியும். சந்திரனில் பூப்போல இருந்த பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, பூமியில் என்ன எடை இருக்குமோ அந்த எடைக்கு வந்து நிற்கும். தினமும் நாலு மணி நேரம் அந்தக் கனத்தில் கிடந்தால்தான் சந்திரனில் பிறந்த பிள்ளைக்கு எலும்பு கூடும்.

"கை கடுக்குதே!" என்றாள் அஞ்சுகம், மகள் குயிலியை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு.

"கடுக்கட்டும். உன் கை கடுத்தா அவ கால் உறுதியாகும்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. "ஆமா, உன் லீவு இன்னியோட முடியுதாமே? நாளைக்கு யார் தூக்குவாங்க?"

அஞ்சுகம் குயிலியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இயந்திரத் தாதிகளிடம் கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு. கனம் ஏறும்போது பிள்ளைகள் பயந்து விறைத்துக்கொண்டன. விறைத்த பிள்ளைக்கு எலும்பு கோணலாகப் பிடித்தது. அதன் பிறகு, பெற்றவர் கையில்தான் எடை ஏற்ற வேண்டும் என்று மருத்துவமனை விதி செய்துவிட்டது. வர முடியாத பெற்றோரின் பிள்ளையைச் சரக்குக் கப்பலில் பூமிக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பூமியில் எடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கீழே இறங்குவது சுலபம், மேலே ஏறும் உதைப்பைப் பிஞ்சு உடம்பு தாங்காது. அனுப்பிய பிள்ளை திரும்பி வர ஏழு வயது ஆகும்.

அஞ்சுகத்தின் கணவன் நந்தகோபன் துருவத்துப் பனிச் சுரங்கத்தில் ஒப்பந்தத்தில் இருந்தான். நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அஞ்சுகம் வேலையை விட்டால் குடியிருப்பில் தங்கும் உரிமை போய்விடும். அரைநாள் வேலை கிடைத்தால் குயிலி இங்கே இருப்பாள். கிடைக்காவிட்டால் நாளைச் சாயங்காலக் கப்பலில் அவளுக்கு இடம் தயார்.

மறுநாள் காலை குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். காற்றுப் பிரிவில் அவள் கணிப்பாளர். எந்த வீட்டுக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்தச் சுரங்க வாய்க்கு நாளை எவ்வளவு காற்று போக வேண்டும் என்று இன்றைக்கே கணித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய இருக்கையில் அவளே உட்கார்ந்து கணித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு நிழலி என்று பெயர். நீண்ட விடுப்பில் போகிறவர்களின் மனத்தைப் போவதற்கு முதல் நாள் பதிவு செய்து ஓர் இயந்திர உடம்பில் இறக்கி, அந்த இருக்கையில் உட்கார வைத்துவிடுவார்கள். முகம், குரல், பழக்கம் எல்லாம் அவர்களுடையதே. நிறம் மட்டும் சாம்பல். யாரும் மனிதர் என்று ஏமாந்துவிடக் கூடாது. விடுப்பு முடிந்து ஆள் திரும்பியதும் நிழலியைக் கலைத்துவிடுவார்கள். ஒருவர் பெயரில் ஒரே பதவியில் இரண்டு மனங்கள் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

நிழலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்து மெல்ல எழுந்தது. தட்டை வயிறுதான். ஆனால் பதிவு செய்த நாளில் அஞ்சுகம் நிறைமாதம்.

"வந்துட்டியா? வலிச்சுதா?"

"நீ பயந்த அளவுக்கு இல்லை."

"பொய் சொல்றே. உன் பொய் எனக்குத் தெரியாதா?" நிழலி குழந்தையை எட்டிப் பார்த்தது. "பொண்ணா! மூக்கு யாருது?"

"மாமியாரோடது."

"அடக் கஷ்டமே!"

இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது.

"அரைநாள் கேட்டிருக்கேன். இப்போ கூப்பிடுவாங்க" என்றாள் அஞ்சுகம். "குடுக்கலைன்னா இவளைக் கப்பல்ல ஏத்திடுவாங்கடீ."

"எதுக்குக் குடுக்க மாட்டாங்க? வேலை மதியத்துக்குள்ள முடிஞ்சுடுதே."

"எனக்கு ஒரு நாளும் முடிஞ்சதில்லையே?"

"நல்லா யோசிச்சுப் பாரு. முடியும். அப்புறம் ரெண்டாம் தடவை சரி பார்ப்போம், மூணாம் தடவை பார்ப்போம். பிரபாவதி மேடம் எழுந்து போற வரைக்கும் அதே எண்களைத் தடவிக்கிட்டு இருப்போம். முதல்ல எழுந்தா நல்லா இருக்காதுன்னு. நானும் ஆறு மாசமா அப்படித்தான் உட்கார்ந்திருக்கேன். உன் பழக்கம்தானே எனக்கு?"

அஞ்சுகத்துக்குச் சுருக்கென்றது. அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

பிரிவுத் தலைவி பிரபாவதியின் அறையில் இன்னொருவரும் இருந்தார். இயந்திரப் பராமரிப்பு ராயப்பன். நிழலியைக் கலைக்கும் கருவிப் பெட்டியோடு சுவர் ஓரமாக நின்றார்.

"இது ஆபீஸ், அஞ்சுகம். தொட்டிலோட வந்திருக்கே" என்றாள் பிரபாவதி.

"விட்டுட்டு வர ஆள் இல்லை மேடம்."

"அதான் கப்பல் இருக்கே."

அஞ்சுகம் குழந்தையைக் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டாள். "ஒரே ஒரு வருஷம் மேடம். நடக்க ஆரம்பிச்சுட்டா முழு நாளும் வந்துடறேன். காலையில எல்லாக் கணிப்பையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

"மதியத்துக்கு மேல ஏதாவது ஒரு வீட்டுல காற்று குறைஞ்சா? இருக்கை காலி. யார் பதில் சொல்றது? நீ வந்து சொல்வியா, உன் மக சொல்வாளா?"

"இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்லையே மேடம்."

"ஏன் நடக்கலை? நீ இருக்கையில இருந்தே. அதனால நடக்கலை." பிரபாவதி முன்னால் சாய்ந்தாள். "நான் ரெண்டு பெத்தேன். ரெண்டையும் அனுப்பினேன். அரைநாள், கால்நாள்னு யார்கிட்டேயாவது போய் நின்னேனா? செத்தா போயிட்டேன்? வாராவாரம் திரையில பார்க்கிறேன். எப்படி வளர்ந்திருக்காங்க தெரியுமா?"

"உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க மேடம்?"

அஞ்சுகம் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிரபாவதி மேசை மேலிருந்த எதையோ நகர்த்தி வைத்தாள். இரண்டு பிள்ளைகளும் அவளைக் காப்பக ஊழியர்கள் பழக்கியபடி 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அது உனக்கு எதுக்கு?" என்றாள் கடைசியில். குரல் முன்னைவிடக் கடுமையாக இருந்தது. "உன் இருக்கையில ஆறு மாசமா ஒரு குறை இல்லை. அந்த நிழலி காலையில உட்கார்ந்தா நான் போற வரைக்கும் எழுந்திருக்கறதில்லை. அவ்வளவு வேலை இருக்கு. வேணும்னா அதையே கேளு. ராயப்பன், அதைக் கூப்பிடுங்க."

நிழலி வந்து அஞ்சுகத்தின் பக்கத்தில் நின்றது.

"நீயே சொல்லு. அந்த வேலையை அரைநாள்ல முடிக்க முடியுமா?"

"தினமும் முடிச்சுட்டுத்தானே இருக்கேன் மேடம்" என்றது நிழலி.

குயிலி தூக்கத்தில் சப்புக் கொட்டினாள்.

"அப்போ மதியத்துக்கு மேல?"

"சும்மா உட்கார்ந்திருப்பேன்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் அஞ்சுகம். பிரபாவதியின் முகம் சிவந்தது. ஆனால் அவள் திரும்பியது ராயப்பன் பக்கம்.

"என்ன ராயப்பன் இது? ஆறு மாசமா அரைநாள் மின்சாரம் வீணாப் போயிருக்கா?"

"மின்சாரம் கிடக்கட்டும் மேடம்!" ராயப்பன் பதறிப்போய் நிழலியின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குது பாருங்க. வேலை இல்லாம விழிச்சுக்கிட்டு இருந்தா மூளைத் தகடு சூடேறிடும். இந்த ரகத்தை அரைநாள் ஓட்டினா அரைநாள் கட்டாயம் அணைச்சு வைக்கணும். முழு நாள் ஓட்டினா ரெண்டு வருஷத்துல தீஞ்சு போகும்."

"அய்யய்யோ! இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"யாரும் கேட்கலையே மேடம்."

"இனி எந்த நிழலியும் மதியத்துக்கு மேல ஓடக் கூடாது. இப்பவே எல்லாப் பிரிவுக்கும் சொல்லிடுங்க. விளையாட்டா? எவ்வளவு அருமையான பொருள்!" பிரபாவதி பெருமூச்சு விட்டாள். பிறகு அஞ்சுகத்தைப் பார்த்தாள். "சரி, உன் மனு நிராகரிப்பு. குழந்தையைக் கப்பல்ல விட்டுட்டு நாளைக்குக் காலையில இருக்கைக்கு வந்துடு. ராயப்பன், இதைக் கலைச்சுடுங்க. பாவம், நல்லா உழைச்சுது."

ராயப்பன் பெட்டியைத் திறந்தார். நிழலி அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை சுட்டது. தன்னுடைய பயத்தைத் தானே தொட்டுப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றாள் அஞ்சுகம். "இவ்வளவு சூடாகிற வரைக்கும் இதைப் பக்கத்துல இருந்து யாரும் பார்த்துக்கலையா?"

"அதுதாம்மா கோளாறு. மனிதர் மனசு இறங்கின இயந்திரம் ஓடும்போது பக்கத்துல ஒரு காப்பாளர் உட்காரணும்னு விதியே இருக்கு. மனசு யாருதோ அவங்களே உட்கார்ந்தா இன்னும் நல்லது. நீ பிரசவத்துக்குப் போயிட்டே. இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

"ஓடும்போது மட்டுமா?"

"பின்னே? அணைச்சு வெச்சதுக்குக் காவல் எதுக்கு?"

"காப்பாளருக்குக் குடியிருப்பு உரிமை உண்டா?"

"இயந்திரம் இங்கே இருக்கிற வரைக்கும் உண்டு."

அஞ்சுகம் நிமிர்ந்தாள்.

"மேடம், நான் வேலையை விட்டுடறேன்."

"என்ன?"

"கணிப்பாளர் பதவி எனக்கு வேண்டாம். என் இருக்கையை இதுக்கே குடுத்துடுங்க. நான் பதவியில இல்லைன்னா இதைக் கலைக்கவும் தேவையில்லை. எனக்கு இதோட காப்பாளர் வேலை குடுங்க. இது ஓடற நேரம் வர்றேன். இதை அணைச்சதும் போயிடறேன்."

ராயப்பன் திறந்த பெட்டியோடு அப்படியே நின்றார். நிழலி மூச்சு விடுவதில்லை. இருந்தாலும் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது போலத்தான் இருந்தது.

"படிச்சு வாங்கின பதவி" என்றாள் பிரபாவதி. "போனா திரும்பி வராது. இயந்திரத்துக்கு ஆயாவா உட்காரப் போறியா?"

"உட்காரறேன் மேடம்."

"மதியத்துக்கு மேல அந்த இருக்கை காலியா கிடக்கும்…" பிரபாவதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பரவாயில்லை. இயந்திரம்னா அப்படித்தான். ஓய்வு குடுக்காம முடியாது இல்லையா ராயப்பன்?"

"முடியவே முடியாது மேடம்."

"காற்று குறைஞ்சா?"

"நாளைக்குக் காலையில இது பார்த்துக்கும்."

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டினாள் பிரபாவதி. ஒரு மனு இல்லை, விசாரணை இல்லை. ஒரே ஒரு கட்டைவிரல் ரேகையில் உத்தரவு ஆனது. கப்பலில் குயிலிக்குப் போட்டு வைத்திருந்த இடம் இன்னொரு தாயின் பிள்ளைக்குப் போனது.

முந்தின நாள் கூடத்தில் நின்ற கடுப்பு இன்னும் அஞ்சுகத்தின் இடுப்பில் இருந்தது. இராத்திரி கண் மூடவே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தையின் உச்சியில் முகத்தைப் புதைத்தாள். பிரபாவதி அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டவள் போலச் சட்டென்று எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, அறையிலிருந்த இன்னொரு நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டாள்.

"உட்காரும்மா, உட்காரு. எவ்வளவு நேரமா நிக்கறே!" என்று நிழலியின் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். பிறகு அஞ்சுகத்தின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள்.

"இதை நீதான் கண்ணும் கருத்துமா பார்த்துக்கணும், சொல்லிட்டேன். மதியம் ஆனதும் ஒரு நிமிஷம்கூட அதிகமா வேலை வாங்கக் கூடாது. அதுவும் ஒரு உடம்புதானே?"