மணிக்கட்டில் நின்ற கோடு

விடிந்ததும் முதல் பாட்டில் சுவரில் மோதிச் சிதறியது. நேற்று காய்ச்சிய கொய்யா ஜெல்லி சிவப்பாக வழிந்தது. அடுத்த பாட்டில் அவள் காதோரம் பறந்தது.

"சொல்லுடி! என் தங்கச்சி கையில கொதிக்கிற ஜெல்லிய ஏன் ஊத்தின?"

"கை தவறிடுச்சுங்க..."

கணவனின் அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்தது. இந்த மனுஷனுக்குக் கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும், புத்தி எங்கே இருக்குமோ!

"மாப்பிள்ளை இன்னிக்கு அவளைக் கூட்டிட்டுப் போக வர்றார். இந்தக் கையோட எப்படி அனுப்புவேன்?"

"கை ஆறுற வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமே..."

"நீ முதல்ல வெளிய போ! இனி இந்த வீட்டுல உனக்கு இடமில்ல!"

ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால், மூலையில் துணி சுற்றிய கையோடு நிற்கும் நாத்தனாரைக் கணவன் இன்றே அனுப்பிவிடுவான். 'சொல்லிடாதீங்க அண்ணி' என்று நேற்று அடுப்படியில் காலைப் பிடித்தவள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

"நில்லும்மா!"

மருந்து போடக் கட்டைப் பிரித்த மாமியார் மகளின் கையையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். முப்பது வருஷம் இதே தோட்டத்துக் கொய்யாவைக் காய்ச்சிய கை, முழங்கை வரை புள்ளிப் புள்ளியாகத் தழும்பு.

"டேய், ஜெல்லி தெறிச்சா இப்படித்தான் இருக்கும். ஊத்தினா ஒரு பக்கமா வழிஞ்சிருக்கும். இவ கையப் பாரு, மணிக்கட்டுல வளையல் போட்ட மாதிரி சுத்தி ஒரே கோடு! இது பாத்திரத்துல முக்கின கைடா!"

நாத்தனார் வெடித்து அழுதாள். "நானேதான் விட்டேம்மா! கை வெந்தாலாவது அனுப்ப மாட்டீங்கன்னு... எத்தனை தடவை சொன்னேன், அவர் அடிச்சே கொன்னுடுவார்னு! அண்ணி மட்டும்தான் நம்பினாங்க. பழியையும் அவங்களே வாங்கிக்கிட்டாங்க!"

வாசலில் வண்டிச் சத்தம். மாப்பிள்ளை செருப்போடு உள்ளே வந்தான்.

"இன்னும் கிளம்பலையா? இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?" என்று அந்தக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான்.

அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்தான். இருவரும் நாற்காலியோடு உருண்டார்கள். மாப்பிள்ளையின் மூக்கு உடைந்தது. அவனை வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டிவிட்டு, மூச்சிரைக்க மனைவியிடம் வந்து கைகளை நீட்டினான்.

"என்னை மன்னிச்சிடும்மா..."

அவள் பின்வாங்கினாள்.

"அவளை அடிச்சவன் வெளிய போயிட்டான். என்னை அடிச்சவன் இன்னும் உள்ளதாங்க இருக்கான்."

மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் பெத்த பொண்ணையே காப்பாத்திட்டியேடி..." என்று விம்மினாள். நாத்தனாரும் வந்து ஒட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அழுதார்கள்.

அவன் மண்டியிட்டு, பிசுபிசுத்த தரையில் கண்ணாடிச் சில்லுகளை வெறுங்கையால் பொறுக்கத் தொடங்கினான். துடைப்பத்தை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.