குதிகால்

சாக்ஸில் குதிகால் வந்திருந்தது.

தனப்பிரியா பின்னல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். நாலு எஃகு ஊசிகளில் மாட்டியிருந்த அந்தச் சின்ன மஞ்சள் சாக்ஸ் நேற்றுவரை வெறும் குழாய்தான். கணுக்கால் அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுபோயிருந்தது. இன்று காலை மகள் யுவஸ்ரீயைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, காப்பியை ஆற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்து கூடையைத் திறந்தால், குழாயின் அடியில் உள்ளங்கைபோலக் குழிந்து, ஓட்டை உடைசல் இல்லாமல் திரும்பி நிற்கிறது ஒரு குதிகால்.

தானே பின்னிவிட்டு மறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் குதிகால் வராது. ஐந்து வருடமாக ஓய்ந்த நேரமெல்லாம் பின்னுகிறாள். அஸ்தம்பட்டியில் அவள் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அவள் கைச் சாக்ஸ் போயிருக்கிறது. அந்த வீடுகளின் கட்டில்களில் அவள் செய்த முயலும் யானையும் காதைத் தொங்கவிட்டுக் கிடக்கின்றன. சேலத்து வெயிலுக்குக் கம்பளிச் சாக்ஸா என்று கேட்காத ஆள் இல்லை. இவ்வளவு பின்னியும் குதிகாலுக்கு வந்தால் கையைக் கட்டிப்போட்டதுபோல ஆகிவிடும். அந்த இடத்தில் ஊசியில் ஏறிய நூல் வளையங்களில், அந்தக் கண்ணிகளில், பாதியைச் சும்மா நிறுத்திவிட்டு, மீதியில் மட்டும் முன்னும் பின்னும் போய், ஓரத்தில் ஒவ்வொன்றாகக் குறைத்துத் திருப்ப வேண்டும். எத்தனை வீடியோ பார்த்தும் பலனில்லை. எங்காவது ஒரு கண்ணி நழுவும், ஓட்டை விழும். அவள் பின்னிய அத்தனை சாக்ஸுக்கும் குதிகால் திருப்பிக் கொடுத்தது அறிவுச்செல்விதான்.

அறிவுச்செல்வி, கணவன் சிவபிரகாஷின் அக்கா. தனப்பிரியாவுக்கு நங்கையா முறை. பதினெட்டு நாளைக்கு முன்னால் வெண்ணந்தூரில் தூக்கத்திலேயே இறந்துபோனாள்.

தனப்பிரியா எழுந்து ஜன்னலோரம் போய் சாக்ஸை வெளிச்சத்தில் பிடித்தாள். அறிவுச்செல்வி இடக்கைக்காரி. அவள் பின்னினால் கண்ணிகள் எதிர்ப்பக்கமாகச் சாயும். குதிகாலின் கண்ணிகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகத்தான் சாய்ந்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனபோது தைலம் மணத்தது. மணிக்கட்டு வலிக்கு நங்கையா தேய்த்துக்கொள்ளும் அதே பச்சைத் தைலம். காப்பி ஆறி ஆடை கட்டும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை தவறாமல் வெண்ணந்தூர் பஸ் ஏறி வருவாள் அறிவுச்செல்வி. கேட்டுக்கு வெளியே நின்று, "வரலாமா சாமி?" என்பாள். கூடப்பிறந்த தம்பி வீடுதான். இருந்தாலும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாள். வந்ததும் யுவஸ்ரீயை மடியில் இருத்தி, பிள்ளையைச் சுற்றிக் கையை வளைத்து, பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக ஊசிகளை வைத்துப் பின்னுவாள். டிக், டிக் என்று அந்தச் சத்தத்திலேயே யுவஸ்ரீ தூங்கிப்போவாள். அறிவுச்செல்விக்குக் குழந்தை இல்லை. பன்னிரண்டு வருடம் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து ஓய்ந்தவள். "இந்த அம்மணிய எனக்குக் குடுத்துரு சாமி, நீ இன்னொண்ணு பெத்துக்க" என்று சிரிப்பாள். தனப்பிரியாவும் சிரிப்பாள். உள்ளுக்குள் மட்டும் பற்றிக்கொண்டு வரும். யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை இல்லாதவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாகவும் இருக்கும்.

கடைசியாக வந்த சனிக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்த யுவஸ்ரீயின் பாதத்தைக் குதிகாலிலிருந்து விரல்நுனிவரை மஞ்சள் நூலால் அளந்தாள். நிறுத்தவில்லை. அப்படியே முழங்கால், இடுப்பு, கழுத்து என்று உச்சந்தலைவரை நூலை ஓட்டி, பல்லால் கடித்து அறுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். படுத்திருக்கும் பிள்ளையை அளந்தது தனப்பிரியாவுக்குப் பிடிக்கவே இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஒற்றைச் சாக்ஸ் முடிந்திருந்தது. இரண்டாவதைக் கணுக்கால்வரை இறக்கிக் கூடையில் வைத்துவிட்டு, "பாதியில இருக்குது சாமி. வந்து முடிச்சுத் தாரேன்" என்று கிளம்பினாள்.

செத்த வீட்டில் நடந்த தவறு அதற்குப் பிறகு.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எடுத்து, குளித்து, அவரவர் வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். தனப்பிரியா தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். இரண்டு பக்கமும் தறி ஓடும் தெரு. அன்று ஒரு தறியும் ஓடவில்லை. எட்டு வருடமாக அதே கேட்டில் நின்று அதே ஆளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். திரும்பினாள், சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாரனுங்க நங்கையா. நீங்களும் ஊட்டுக்கு வாங்க."

சொன்ன பிறகுதான் நிலைப்படியில் யாரும் இல்லை என்பது உறைத்தது. உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பாவாயி பெரியம்மா காதில் அது விழுந்துவிட்டது. அவர் முகம் போன போக்கைத் தனப்பிரியா இன்னும் மறக்கவில்லை. திட்டக்கூட இல்லை அவர். "திரும்பிப் பாக்காமப் போ சாமி" என்று மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

குதிகால் வந்திருந்த அன்று இரவு சிவபிரகாஷிடம் போனில் சாக்ஸைப் பற்றிச் சொன்னாள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடப்பவன். அக்காவின் காரியம் முடிந்த மறுநாளே போய்விட்டான். நீயே பின்னியிருப்பாய், மனசு சரியில்லாதபோது கை தானாக வேலை செய்யும் என்றான். பிறகு மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று தெரிந்ததும் அவள் பேச்சை மாற்றினாள்.

புதன்கிழமை பாதம் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. வியாழன் இரண்டு. நூல்கண்டு மட்டும் இளைக்கவே இல்லை. கூடையை எடுத்து ஸ்லாபின் மேல் பழைய மிக்ஸிக்குப் பின்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது டிக் என்றது. குழாயில் சொட்டும் தண்ணீர் என்று போய்ப் பார்த்தாள். குழாய் காய்ந்திருந்தது. மீண்டும் டிக், டிக். ஸ்லாபிலிருந்து. ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஊசிகள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன, இப்போதுதான் யாரோ கையிலிருந்து வைத்ததுபோல.

பள்ளியிலிருந்து யுவஸ்ரீ நொண்டிக்கொண்டு வந்தாள். கால் மரத்துப்போச்சு என்றாள். எண்ணெய் தேய்க்கலாம் என்று பாதத்தை மடியில் எடுத்தபோது, அது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பண்டம்போலச் சில்லிட்டிருந்தது. வலிக்கிறதா கண்ணு என்று கேட்டாள்.

"இல்லம்மா. அத்தை அளக்கறப்பக் கூசுது."

தனப்பிரியாவின் கை நின்றது. பிள்ளை அதற்குள் பொம்மைக்குத் தலை வாரப் போய்விட்டாள். நங்கையா முடித்துத் தருகிறேன் என்று சொன்ன வார்த்தை. சாவு வீட்டில் தானே கூப்பிட்ட அழைப்பு. விரல்நுனி மூடுவதற்கு இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. மூடிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எது போகும் என்று தெரியும். பிள்ளையை விட மாட்டேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். நாளைக்கு முதல் வேலையாகப் பிரித்துப்போட வேண்டும். அடிவரைக்கும்.

சனிக்கிழமை காலையெல்லாம் யுவஸ்ரீ அவள் முந்தானையை விடவில்லை. மதியம் சோறு உண்டபிறகுதான் தூங்கினாள். படுக்கையறையில் கிடத்தி, கழுத்துவரை பூப்போட்ட போர்வையைப் போர்த்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள் தனப்பிரியா. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் இல்லை. ஃபேன் நின்ற வீட்டில் புழுக்கம் சுவரிலிருந்து இறங்கியது. ஏற்காடு ரோட்டின் வண்டிச் சத்தம்கூட எங்கோ தள்ளிக் கேட்டது. சுவர்க்கடிகாரத்தில் மூன்றே கால். தைலம் மணத்தது.

ஊசிகளை உருவினாள். கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. நூல்நுனியைப் பிடித்து இழுத்ததும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பின்னுவதைவிடப் பிரிப்பது எவ்வளவு சுலபம். பாதம் போயிற்று. அந்த அழகான குதிகால் போயிற்று; ஒரு நொடி மனம் கேட்கவில்லை, ஆனாலும் இழுத்தாள். பிரிந்த நூலைக் கண்டின்மேல் சுற்றினாள். படுக்கையறையிலிருந்து யுவஸ்ரீ கிக்கென்று சிரித்தாள். கனவு காண்கிறாள். இழுத்தாள். சுற்றினாள். மறுபடியும் சிரிப்பு.

கணுக்கால் போயிற்று. மேல் விளிம்பும் போயிற்று. சாக்ஸ் என்று ஒன்று இல்லை.

நூல் வந்துகொண்டே இருந்தது.

முதல் நூல் கோக்கும்போது வால் கொஞ்சம் நீளமாக விட்டிருப்பாள் நங்கையா. அப்படித்தான் நினைத்தாள். சுற்றினாள். கண்டு எலுமிச்சையாக இருந்தது மாங்காயாயிற்று. மாங்காய் தேங்காயாயிற்று. நூல் வெதுவெதுவென்றிருந்தது. அவள் கையைப் பார்த்தாள். அடியில் இருந்த மஞ்சள் எப்போதோ மறைந்துவிட்டது. மேலே சுற்றியிருந்தது மஞ்சள் இல்லை. மாநிறம். குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டு நாலு வருடமாக அவள் பார்க்கிற நிறம்.

நூல் தரையில் ஓடிப் படுக்கையறைக் கதவிடுக்கில் நுழைந்தது.

கண்டைக் கீழே வைக்காமல் எழுந்தாள். கதவைத் தள்ளினாள். யுவஸ்ரீ விழித்திருந்தாள். தலையணையில் சாய்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். போர்வை அவள் வயிற்றின்மேல் மேடாக இருந்தது. இடுப்புவரை மேடு. வலது முழங்கால்வரை மேடு. அதற்குக் கீழே தட்டை.

போர்வையை விலக்கினாள்.

முழங்காலைச் சுற்றி வட்டமாக, சின்னச் சின்னதாய், திறந்த கண்ணிகள். மாநிறக் கண்ணிகள். ரத்தம் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒன்று நழுவியது. அடுத்த வரியில் ஒன்று ஓடியது. யுவஸ்ரீ நெளிந்தாள்.

"கூசுதும்மா."

ஊசி. கூடத்துக்கு ஓடி ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஓடும் கண்ணியைப் பிடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. எல்லாவற்றையும் நாலு ஊசிகளில் ஏற்றினாள். பின்னினாள். கணுக்கால்வரை அவளுக்கு வரும். ஐந்து வருடப் பழக்கம். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பின்னினாள். ஆடுசதை வந்தது. கணுக்கால் வந்தது. அதற்குமேல் கை நின்றது.

குதிகால்.

பாதியை நிறுத்தினாள். மீதியில் முன்னும் பின்னும் போனாள். ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் ஒன்றும் இல்லை. இருட்டு. பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடி ஓட்டை. ஊசிமுனையிலிருந்து ஒரு கண்ணி நழுவி மளமளவென்று மேலே ஓடியது, முழங்காலைத் தாண்டி. யுவஸ்ரீயின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா, அத்தையக் கூப்புடு."

அப்போது வாசல் கேட்டின் கொண்டி ஆடியது. பழக்கமான சத்தம். சனிக்கிழமைச் சத்தம்.

"வரலாமா சாமி?"

தனப்பிரியா ஓடும் கண்ணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலை எடுத்தால் இடுப்பு. இடுப்புக்கு அப்புறம் நெஞ்சு. வேறு வழி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"வாங்க நங்கையா," என்றாள்.

காலடிச் சத்தம் இல்லை. தைல மணம் மட்டும் கூடத்தைக் கடந்து வந்தது. கட்டில் ஒருபக்கம் தாழ்ந்தது. தனப்பிரியா தலைநிமிரவில்லை. நரம்பு புடைத்த இரண்டு கைகள் பிள்ளையைச் சுற்றி வளைந்து வந்து அவள் விரலிலிருந்து ஊசிகளை வாங்கிக்கொண்டன. இடக்கையில் நூல். டிக், டிக். ஒரு பிழை இல்லை. குதிகால் திரும்பியது. பாதம் நீண்டது. ஐந்து விரலும் ஒவ்வொன்றாக மூடின. யுவஸ்ரீ விரல்களை அசைத்துப் பார்த்துச் சிரித்தாள். தனப்பிரியா அந்தப் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சூடாக இருந்தது. பிள்ளை முழுசாக இருந்தாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது கட்டில் காலி. வாசல் திறந்து கிடந்தது. குதிகாலில் ஒரு நூல். அறுக்காத நூல். கட்டிலிலிருந்து இறங்கி, கூடத்துத் தரையில் தொய்ந்து, நிலைப்படி தாண்டி, கேட்டுக்கு வெளியே போய், பஸ் ஏறும் பக்கமாகத் திரும்பியிருந்தது.

கத்தரிக்கோல் கூடத்தில் இருக்கிறது. அறுத்தால் கண்ணி ஓடும். அறுக்காவிட்டால்.

வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. எப்போதும்போல, சொல்லிக்கொண்டு கிளம்பும் குரல்.

"போயிட்டு வாரேன் சாமி. அம்மணி, நீயும் அத்தை ஊட்டுக்கு வா."

தனப்பிரியா பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். ஆனால் பெரியவர்கள் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று யுவஸ்ரீக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். விரலிடுக்கு வழியாகத் தெளிவாகவே வந்தது.

"வாரனுங்க அத்தை."

கூடத்துத் தரையில் தொய்ந்து கிடந்த நூல் மெல்ல மேலே எழும்பி விறைத்தது.